ராத்கோவும் மூணாவது கையெழுத்தும்

மார்க் ராத்கோன்னு ஒரு அமெரிக்க ஓவியர். பேரைக் கேள்விப்படலைன்னாலும் அவர் படம் எதையாவது கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஆள் உசரத்துக்கு மேல ஒரு கேன்வாஸ். அதுல மேல ஒரு செவ்வகம், கீழ ஒரு செவ்வகம், ஓரமெல்லாம் புகை மாதிரி கலங்கி நிக்கும். அவ்வளவுதான். மனுஷன், மரம், மாடு ஒண்ணும் கிடையாது. 2012 மே மாசம் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துல 'ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள்'னு அவர் 1961-ல வரைஞ்ச படம் கிட்டத்தட்ட 8 கோடியே 69 லட்சம் டாலருக்குப் போச்சு. இதைச் சொன்னதும் நம்ம பசங்க கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இதை நானே வரைவேனேடா?"

வரைங்க, வேணாம்னு யார் சொன்னா :-) அந்தச் சண்டைக்கு நான் இப்போ வரலை. எனக்கு ராத்கோ அறிமுகமானது படம் வழியா இல்லை, ஒரு கோர்ட் தீர்ப்பு வழியா. அவர் செத்ததுக்கு அப்புறம் அவர் சொத்தை வெச்சு நடந்த வழக்கு அது. பி.காம் படிக்கிற நமக்கு கன்சைன்மென்ட், கமிஷன், டிரஸ்டி, உயில்னு எல்லாம் தனித்தனி பாடமா வருதே, அதெல்லாம் ஒரே வழக்குல ஒண்ணா நிக்குது. அந்தத் தீர்ப்புல ஒரு ஆள் மேல எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கு. கிளாஸ்ல ரெண்டு பேர்கிட்ட சொன்னேன், ரெண்டு பேருமே ஒத்துக்கலை. அதான் விலாவாரியா எழுதிடலாம்னு.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடுவோம்.

1903-ல அன்னிக்கு ரஷ்யப் பேரரசுல இருந்த ட்வின்ஸ்க் ஊர்ல பிறந்தவர். இப்போ அந்த ஊர் லாட்வியாவுல இருக்கு, பேர் டவ்காவ்பில்ஸ். யூதக் குடும்பம். அப்பா மருந்துக் கடைக்காரர். பையனோட முழுப் பேர் மார்க்கஸ் ராத்கோவிட்ஸ். 1913-ல பத்து வயசுல அம்மாவோட அமெரிக்கா வந்து, முன்னாடியே அங்க போயிருந்த அப்பாவோட சேர்ந்தார். ஆரிகன் மாநிலம் போர்ட்லேண்ட்ல வாழ்க்கை. சில மாசத்துலயே அப்பா காலி. பையன் பேப்பர் வித்திருக்கார். படிப்புல கெட்டிக்காரர், ஸ்காலர்ஷிப்ல யேல் பல்கலைக்கழகம் போனார். ஒரு வருஷத்துல ஸ்காலர்ஷிப் நின்னுபோச்சு. ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்துக்கிட்டு படிச்சார். ரெண்டே வருஷத்துல, 1923-ல, போதும்டா சாமின்னு கிளம்பி நியூயார்க் வந்துட்டார்.

அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம், நேராவே சொல்றேன், பெரிசா ஒண்ணும் இல்லை. 1929-லேர்ந்து 1952 வரைக்கும் புரூக்ளின்ல ஒரு யூதப் பள்ளியில குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துதான் பிழைப்பு. சப்வே ஸ்டேஷன், அதுல ஒல்லி ஒல்லியா நிக்கிற ஆட்கள்னு வரைஞ்சார். அப்புறம் கிரேக்கப் புராணத்துக்குப் போனார். பேரை ராத்கோன்னு சுருக்கிக்கிட்டார். 1947 வாக்குல உருவமெல்லாம் கரைஞ்சு வெறும் வண்ணத் திட்டுகளா மாறுது. 1949-50ல நாம இன்னிக்கு 'ராத்கோ'ன்னு சொல்ற அந்த ரெண்டு மூணு செவ்வகம் வந்துடுச்சு. அப்போ அவருக்கு வயசு 46. நாமெல்லாம் 23 வயசுக்குள்ள கேம்பஸ்ல பிளேஸ் ஆகலைன்னா வாழ்க்கையே போச்சுன்னு அழறோம். அது தனிக் கதை.

பொல்லாக், டி கூனிங், நியூமன், ஸ்டில்னு ஒரு கூட்டமே நியூயார்க்ல அப்போ இப்படி உருவமில்லாம வரைஞ்சுக்கிட்டிருந்தது. அரூப வெளிப்பாட்டு ஓவியர்கள்னு அவங்களுக்குப் பேர் வெச்சாங்க. ராத்கோவுக்கு அந்தப் பேர் பிடிக்காது. தன்னை வண்ணக்காரர்னு சொன்னாலும் பிடிக்காது. சோகம், பரவசம், அழிவு மாதிரி மனுஷனோட அடிப்படை உணர்ச்சிகளைத்தான் வரையறேன்னு சொல்லுவார். அவர் படத்துக்கு முன்னாடி நின்னு ஜனங்க அழுதிருக்காங்க. நான் நேர்ல பார்த்ததில்லை, கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல பார்த்ததுதான். அதனால அழலாமா வேணாமான்னு சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஆனா ஒண்ணு நிச்சயம். தன் படம் எங்க, எப்படி, யார் கண்ணுல படணும்கிறதுல அந்தாளுக்கு ஒரு வெறியே இருந்தது. படத்தைத் தரையிலேர்ந்து கொஞ்ச உசரத்துலயே மாட்டணும். வெளிச்சம் குறைவா இருக்கணும். பார்க்கிறவங்க ரொம்பக் கிட்ட நின்னு பார்க்கணும். மத்தவங்க படத்தோட கலந்து மாட்டினா கோவம் வரும்.

இதுக்கு உதாரணம்தான் அந்தப் பிரபலமான சீக்ராம் கதை. 1958-ல நியூயார்க் பார்க் அவென்யூவுல சீக்ராம் சாராயக் கம்பெனி கட்டின புதுக் கட்டடத்துல ஃபோர் சீசன்ஸ்னு ஒரு ஆடம்பர ரெஸ்டாரண்ட் வரப்போகுது. அதோட சுவருக்கு ஓவியம் வரைஞ்சு தரணும்னு ராத்கோகிட்ட கேட்டாங்க. சம்பளம் 35,000 டாலர். அன்னிக்கு அது பெரிய தொகை. பவரி தெருவுல பழைய ஜிம் ஒண்ணை வாடகைக்குப் பிடிச்சு, ரெஸ்டாரண்ட் அளவுக்கே சாரம் கட்டி, முப்பது படம் வரைக்கும் வரைஞ்சார். எல்லாம் அடர் சிவப்பு, மெரூன், கறுப்பு. அங்க சாப்பிட வர்ற பணக்காரனுங்களுக்குச் சாப்பாடே இறங்கக்கூடாது, அதுக்குத்தான் வரையறேன்னு கப்பல்ல கூட வந்த ஒரு பத்திரிகைக்காரர்கிட்ட சொன்னாராம். 1959-ல ரெஸ்டாரண்ட் திறந்ததும் மனைவியோட அங்க போய் ஒரு வேளை சாப்பிட்டார். அன்னிக்கு ராத்திரியோட முடிவு பண்ணிட்டார். இந்தச் சாப்பாட்டை இந்த விலைக்குச் சாப்பிடறவன் என் படத்தைப் பார்க்கவே மாட்டான். படம் தரமாட்டேன்னு வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

அதுல 9 படத்தைப் பத்து வருஷம் கழிச்சு லண்டன் டேட் மியூசியத்துக்கு இனாமாவே கொடுத்தார். அதை எந்த அறையில எப்படி மாட்டணும்னு மாசக்கணக்கா அவங்களோட பேசினார். அந்தப் பெட்டிகள் லண்டன்ல வந்து இறங்கின அதே நாள், 1970 பிப்ரவரி 25, நியூயார்க்ல தன் ஸ்டுடியோவுல அவர் உயிரை மாய்ச்சுக்கிட்டார். வயசு 66. ரெண்டு வருஷமா ரத்தக்குழாய் வீக்கத்தால உடம்பு சரியில்லை, மனைவி மெல்லைப் பிரிஞ்சு தனியா இருந்தார். இதைப் பத்தி இதுக்கு மேல எழுத எனக்கு விருப்பம் இல்லை.

இங்கதான் நம்ம சப்ஜெக்ட் ஆரம்பிக்குது.

ஒரு ஹோட்டல் சுவருக்காக 35,000 டாலரைத் தூக்கி எறிஞ்ச மனுஷன், தன்கிட்ட இருந்த மத்த படங்களை என்ன ஏற்பாடு பண்ணிட்டுப் போனார்? 1968-ல ஒரு சின்ன உயில் எழுதியிருந்தார். வீடும் ரெண்டரை லட்சம் டாலரும் மனைவிக்கு. கொஞ்சம் படம் டேட் மியூசியத்துக்கு. பாக்கி எல்லாம் தன் பேர்ல இருக்கிற ஒரு ஃபவுண்டேஷனுக்கு. உயிலை நிறைவேத்த மூணு எக்ஸிக்யூட்டர். மூணு பேரும் நண்பர்கள்.

முதல் ஆள் பெர்னார்ட் ரீஸ். அக்கவுண்டன்ட். நியூயார்க் ஓவியர்கள் பல பேருக்கு வரவு செலவு பார்த்தவர். ராத்கோவுக்கும் அவர்தான். ரெண்டாவது ஆள் தியோடோரோஸ் ஸ்டாமோஸ். இவரும் ஓவியர், ஆனா ராத்கோ அளவுக்கு மார்க்கெட் கிடையாது. மூணாவது ஆள் மார்ட்டன் லெவின். மானுடவியல் பேராசிரியர். ஓவிய வியாபாரத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ராத்கோ விட்டுட்டுப் போனது 798 படம். இதை மனசுல வெச்சுக்கோங்க.

ஏப்ரல் 27-ம் தேதி உயில் கோர்ட்ல ஏத்துக்கப்பட்டது. மே 21-ம் தேதி ரெண்டு ஒப்பந்தம். நடுவுல மூணு வாரமும் கொஞ்ச நாளும். அதுக்குள்ள 798 படத்தோட தலையெழுத்தையும் முடிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல ஒரு பழைய ஸ்கூட்டரை விக்கறதுக்கே நாலு பேர்கிட்ட விலை கேட்டு ஒரு மாசம் இழுப்போம்!

முதல் ஒப்பந்தப்படி 100 படம் விற்பனை. வாங்கினது மார்ல்பரோங்கிற பெரிய காலரிக் குடும்பத்தோட லீக்டன்ஸ்டைன் நாட்டுக் கம்பெனி. விலை மொத்தம் 18 லட்சம் டாலர். ஒரு படத்துக்கு சராசரி 18,000. இதுல 2 லட்சம்தான் உடனே. பாக்கி 16 லட்சம், 12 வருஷத்துல சம தவணையா, வட்டியே இல்லாம.

நாமதான் பிசினஸ் மேத்ஸ்ல இதையே போட்டு சாவடிக்கிறோமே, போட்டுப் பார்ப்போம். வருஷத்துக்கு 1,33,333 டாலர், 12 வருஷம். 8 சதவீதம்னு ஒரு விகிதத்தை நானா வெச்சுக்கிட்டேன். இன்றைய மதிப்பு சுமார் 10 லட்சத்து 5 ஆயிரம் வருது. முன்பணம் 2 லட்சத்தைச் சேர்த்தா 12 லட்சத்து 5 ஆயிரம். அதாவது 18 லட்சம்னு பேப்பர்ல எழுதினது நிஜத்துல மூணுல ரெண்டு பங்குதான். ஒரு படம் 12,000 டாலர் சொச்சம். இதை ஒரு அக்கவுண்டன்ட் பக்கத்துல உக்காந்து கையெழுத்துப் போட்டிருக்கார். அவருக்கு இந்தக் கணக்கு தெரியாதுன்னு யாராவது சொன்னா நான் டிகிரியையே திருப்பிக் கொடுத்துடறேன், இன்னும் வாங்கலைன்னாலும் :-)

ரெண்டாவது ஒப்பந்தம் கன்சைன்மென்ட். மீதி 700 படம் சொச்சம் மார்ல்பரோவோட நியூயார்க் காலரிக்கு. 12 வருஷத்துக்கு அவங்க வித்துக் கொடுப்பாங்க, கமிஷன் 50 சதவீதம். வேற டீலர் மூலமா வித்தா 40. நம்ம புக்ல வர்ற கன்சைன்மென்ட் கணக்குல எங்கயாவது 50 சதவீதம் கமிஷன் பார்த்திருக்கீங்களா? சரி, ஓவிய வியாபாரம் வேற மாதிரின்னே வெச்சுக்குவோம். ஆனா ராத்கோ உயிரோட இருக்கும்போது, 1969-ல, இதே காலரியோட போட்ட ஒப்பந்தத்துல கமிஷன் 10 சதவீதம்தான்னு கோர்ட் பதிவு பண்ணியிருக்கு. ஒரு லட்சம் டாலருக்கு ஒரு படம் வித்தா உயிரோட இருந்த ராத்கோவுக்கு 90,000. செத்த ராத்கோவோட வாரிசுக்கு 50,000.

ஏன் இப்படி? ரீஸ் யாருன்னு சொன்னேன்ல, ராத்கோவோட அக்கவுண்டன்ட், எக்ஸிக்யூட்டர். அது மட்டும் இல்லை. படத்தை எடுத்துக்கிட்ட அதே மார்ல்பரோ நியூயார்க் காலரியில அவர் டைரக்டர், செக்ரட்டரி, டிரஷரர். விக்கிறவர் பக்கமும் அவரே, எடுத்துக்கிறவர் பக்கமும் அவரே. ஸ்டாமோஸ்? எஸ்டேட் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு சில மாசத்துலயே, தன் சொந்தப் படங்களை விக்க அதே காலரியோட அவருக்கு ஒரு ஒப்பந்தம் கிடைச்சுது.

மனைவி மெல் அதே வருஷம் ஆகஸ்ட்ல இறந்துபோனார். ராத்கோ போய் ஆறே மாசம். மிச்சம் ரெண்டு பிள்ளைங்க. மகள் கேட், அப்பா சாகும்போது வயசு 19. தம்பி கிறிஸ்டோபருக்கு 6. நம்ம வயசுதான் கேட்டுக்கு. அந்த வயசுல அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாம, ஒரு சின்னப் பையனோட, எதிர்ல உலகத்துலயே பெரிய காலரி ஒண்ணும் அப்பாவோட மூணு பிராண சிநேகிதர்களும். 1971-ல கேஸ் போட்டாங்க. உயில்ல சொத்துல பாதிக்கு மேல தர்ம ஸ்தாபனத்துக்குப் போனா பிள்ளைங்க ஆட்சேபிக்கலாம்னு அப்போ நியூயார்க்ல ஒரு சட்டம் இருந்தது. அதைப் பிடிச்சுத்தான் உள்ள நுழைஞ்சாங்க. ஃபவுண்டேஷன் சார்பா மாநில அட்டர்னி ஜெனரலும் கூட நின்னார்.

1972 ஜூன்ல, கேஸ் முடியற வரைக்கும் எந்தப் படத்தையும் விக்கக்கூடாதுன்னு கோர்ட் தடை போட்டுச்சு. தடைக்கு அப்புறமும் 57 படம் கை மாறியிருக்கு! மார்ல்பரோ முதலாளி ஃபிராங்க் லாயிடோட தைரியத்தைப் பாருங்க. விசாரணை மட்டும் 89 நாள். 1975 டிசம்பர்ல உயில் வழக்குகளைப் பார்க்கிற சரோகேட் கோர்ட் நீதிபதி மில்லார்ட் மிடோனிக் தீர்ப்பு சொன்னார். மூணு எக்ஸிக்யூட்டரையும் நீக்கியாச்சு. ரெண்டு ஒப்பந்தமும் ரத்து. விக்காம இருந்த படமெல்லாம் திரும்பி வரணும். வித்த படத்துக்கு நஷ்ட ஈடு. தடையை மீறின 57 படத்துக்கு லாயிடுக்கும் அவர் கம்பெனிகளுக்கும் தனியா 33 லட்சத்து 32 ஆயிரம் டாலர் அபராதம். ஒரு படத்துக்குக் கணக்குப் போட்டா 58,000-க்கு மேல. 18,000-க்கு வட்டியில்லாத் தவணையில வாங்கினாங்களே, ஞாபகம் இருக்கா?

இது வரைக்கும் யாருக்கும் சந்தேகமே வராது. ரீஸ் பண்ணது தப்பு, ஸ்டாமோஸ் பண்ணது தப்பு, லாயிடைச் சொல்லவே வேணாம். என்னோட விவகாரம் மூணாவது கையெழுத்து. பேராசிரியர் லெவின்.

லெவினுக்கு மார்ல்பரோவுல பங்கு இல்லை, பதவி இல்லை. அவருக்கு சுயலாப நோக்கம் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. வக்கீல்கிட்ட யோசனை கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்னு அவர் வாதாடினார். அப்படியும் அவர் தலையில விழுந்தது 64,64,880 டாலர். ஒரு வாத்தியார்! அவர் ஜென்மம் முழுக்க சம்பாதிச்சாலும் வராத பணம்.

இதைக் கேட்டதும் என் கிளாஸ் நண்பன் ஒருத்தன் கொதிச்சுட்டான். "செத்துப்போன ஃப்ரெண்டுக்காக ஒரு உதவியா எக்ஸிக்யூட்டரா இருக்கார். கூட இருக்கிற ரெண்டு பேர் தொழில் தெரிஞ்சவங்க, ஒருத்தர் அக்கவுண்டன்ட், ஒருத்தர் ஆர்ட்டிஸ்ட். வக்கீலும் சரின்னு சொல்லிட்டார். இதுக்கு மேல ஒரு மானுடவியல் வாத்தியார் என்ன பண்ணணும்? இப்படி தண்டிச்சா நாளைக்கு எவன் எக்ஸிக்யூட்டரா இருக்க ஒத்துப்பான்?"

நல்ல கேள்விதான். இன்னொருத்தி வேற மாதிரி சொன்னா. ரீஸுக்கும் லெவினுக்கும் ஒரே தண்டனைன்னா அது நியாயமே இல்லைன்னு. இவளுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அது சுலபம். ஒரே தண்டனை கிடையாது. இந்தத் தீர்ப்புலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

கோர்ட் ரெண்டு அளவுகோல் வெச்சுது. வெறும் கவனக்குறைவுன்னா, படம் வித்த அன்னிக்கு அதோட உண்மையான மதிப்பு என்னவோ அதுக்குத்தான் பொறுப்பு. லெவினுக்கு இந்தக் கணக்கு. ஆனா சொந்த லாபத்துக்காக ரெண்டு பக்கமும் நின்னவங்களுக்கும் அதுக்குத் துணை போனவங்களுக்கும், விசாரணை நடக்கிற நாள்ல அந்தப் படம் என்ன விலை போகுமோ அந்த மதிப்பு. ஏன்னா அவங்க அந்தப் படத்தை விக்கவே உரிமை இல்லாதவங்க. விக்காம வெச்சிருந்தா வாரிசுக்கு அந்த விலையேத்தமும் கிடைச்சிருக்கும். ரீஸ், ஸ்டாமோஸ், மார்ல்பரோ கம்பெனிகள், லாயிட் எல்லாருக்கும் இந்தக் கணக்கு, 92 லட்சத்து 52 ஆயிரம் டாலர். ரெண்டையும் கழிச்சுப் பாருங்க. 27,87,120 டாலர். மந்தமா இருந்ததுக்கும் பேராசைப்பட்டதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை ஒரு நீதிபதி டாலர் கணக்குல எழுதிக் காட்டியிருக்கார். கோர்ட் தீர்ப்புல பேலன்ஸ் ஷீட் மாதிரி ஒரு அழகு இருக்கும்னு நான் நினைச்சே பார்த்ததில்லை.

இப்போ அந்த முதல் ஆளோட கேள்வி. லெவின் என்னதான் பண்ணியிருக்கணும்?

லெவினுக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நானும் அவர் பக்கம்தான். கூட இருக்கிறவன் திருடன்னு தெரியாம ஏமாந்தவனை தண்டிக்கக்கூடாது. ஆனா லெவினுக்குத் தெரியும். ரீஸ் ரெண்டு பக்கமும் இருக்கார்னு தெரியும். ஸ்டாமோஸும் தன் லாபத்துக்குப் பார்க்கிறார்னு அவர் நம்பினார். படத்தோட மதிப்பு என்னன்னு அவருக்கே ஒரு அபிப்பிராயம் இருந்தது. இந்த மூணையும் வெச்சுக்கிட்டு, சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர் ஒருத்தரைக்கூட கேட்காம, மத்த ரெண்டு பேர் பின்னாடி போய்க் கையெழுத்துப் போட்டார். கோர்ட் சொன்னது இவ்வளவுதான்.

வக்கீல் சொன்னாரேங்கிற வாதத்துக்கும் 1977-ல மேல்முறையீட்டு கோர்ட் பதில் சொல்லிடுச்சு. சக எக்ஸிக்யூட்டர் துரோகம் பண்றான்னு தெரிஞ்சும் தடுக்காம கூடவே போனவன், வக்கீல் யோசனையைக் காட்டித் தப்பிக்க முடியாது. அதோட, அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதாங்கிறது சட்டக் கேள்வி இல்லை, வியாபாரக் கேள்வி. யோசிச்சா சரிதான். ஒரு படம் 18,000-க்கு வட்டியில்லாத் தவணையில போகலாமான்னு சொல்ல எல்.எல்.பி. எதுக்கு?

அவர் என்ன பண்ணியிருக்கலாம்னா, நிறைய பண்ணியிருக்கலாம், எல்லாமே சின்ன விஷயம். கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லியிருக்கலாம். வேற காலரிகிட்ட ஒரு விலை கேளுங்கன்னு சொல்லியிருக்கலாம். எனக்கும் அவங்களுக்கும் கருத்து வேறுபாடு, வழி சொல்லுங்கன்னு கோர்ட்டுக்கே எழுதியிருக்கலாம். ஒண்ணும் முடியலைன்னா விலகியிருக்கலாம். அவசரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஓவியம் தக்காளியா, அழுகிப்போக? மூணு வாரத்துல முடிச்சே ஆகணும்னு யாருக்கு இருந்தது? வாங்கினவனுக்கு மட்டும்தான் இருந்தது.

இன்னொரு விஷயம். ரீஸும் ஸ்டாமோஸும் ஒரு பக்கம்னு ஆனப்புறம், அந்த அறையில லாபம் எதிர்பார்க்காத ஒரே ஆள் லெவின். கேட்டுக்கும் கிறிஸ்டோபருக்கும் அவர்தான் இருந்தார். ரீஸ் எப்பவுமே மார்ல்பரோ ஆள்னா, ரீஸோட கையெழுத்தைப் பார்த்து யாரும் நம்பப்போறதில்லை. பேராசிரியரும் போட்டிருக்காரேங்கிறதுதான் அந்தப் பேப்பருக்கு மரியாதை. தன் நல்ல பேரைத்தான் அவர் அங்க கடன் கொடுத்தார். அதனாலதான் அவர் மேல எனக்கு மத்த ரெண்டு பேரைவிட ஜாஸ்தி கோவம் வருது. கிளாஸ்ல இதைச் சொன்னதும் "நீ எல்லாம் ஆடிட்டர் ஆனா கம்பெனியே நடக்காதுடா"ன்னு சிரிச்சாங்க. நம்மள்ல பாதிப் பேர் சி.ஏ. எழுதறோம். பத்து வருஷம் கழிச்சு நம்ம மேஜைக்கு வரப்போறது ரீஸ் வேலை இல்லை, லெவின் வேலைதான். மத்த எல்லாரும் போட்டாச்சு சார், நீங்களும் இங்க ஒண்ணு போட்டுடுங்கன்னு வரும்.

எக்ஸிக்யூட்டரா இருக்க ஆளே கிடைக்கமாட்டாங்களேங்கிற பயம் எனக்கு இல்லை. இந்தத் தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு ஆகுது. நியூயார்க்ல ஜனங்க இன்னும் உயில் எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க, எக்ஸிக்யூட்டரும் இருந்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

ராத்கோ மேலயும் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இதே மாதிரி ஒரு அசட்டை அவர்கிட்ட பெயின்ட் விஷயத்துலயே இருந்தது. 1960-களோட ஆரம்பத்துல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அஞ்சு பெரிய படம் வரைஞ்சு கொடுத்தார். அதுல லித்தால் ரெட்னு ஒரு சிவப்பு. வெயில் பட்டா வெளுத்துடற ரகம். மாட்டினது கண்ணாடி ஜன்னல் போட்ட டைனிங் ஹாலுக்குள்ள. சில வருஷத்துல கருஞ்சிவப்பெல்லாம் வெளிர் நீலமா மாறிடுச்சு. 1979-ல கழட்டி உள்ள வெச்சுட்டாங்க. 2014-ல ஹார்வர்டு மியூசியம் ஒரு புது யுக்தி பண்ணுச்சு. படத்தைத் தொடவே இல்லை. புரொஜெக்டர் வெச்சு, போன நிறத்தை மட்டும் புள்ளி புள்ளியா வெளிச்சத்தால மேல பாய்ச்சி, பழைய மாதிரி காட்டினாங்க. சாயங்காலம் புரொஜெக்டரை அணைச்சா படம் திரும்ப வெளுத்துடும். வெளிச்சத்துக்கு அவ்வளவு அடம் பிடிச்ச மனுஷன், பெயின்ட் டப்பாவையும் உயில் பேப்பரையும் மட்டும் ஏனோ திரும்பிக்கூட பார்க்கலை.

வழக்குக்கு அப்புறம் படங்கள் திரும்பி வந்துச்சு. பாதி பிள்ளைங்களுக்கு, பாதி ஃபவுண்டேஷனுக்கு. ஃபவுண்டேஷனுக்குப் புது நிர்வாகிகள் வந்தாங்க. தன் பங்கை விக்காம மியூசியங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துடுச்சு. வாஷிங்டன் நேஷனல் காலரிக்கு மட்டும் 295 ஓவியம் போச்சு. யார் வேணா இலவசமா போய்ப் பார்க்கலாம். ஃபோர் சீசன்ஸ் கதையை நினைச்சா, ராத்கோ கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். கேட் டாக்டருக்குப் படிச்சாங்க. லாயிட் மேல ஆதாரத்தைத் திருத்தினதா தனி கிரிமினல் கேஸ் நடந்து, 1983-ல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. மார்ல்பரோ 2024-ல கடையைக் கட்டறதா அறிவிச்சுடுச்சு.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. 1970-ல ராத்கோவைப் புதைச்சது நியூயார்க் லாங் ஐலண்ட்ல ஈஸ்ட் மேரியன்கிற ஊர் கல்லறையில. அந்த இடம் ஸ்டாமோஸுக்குச் சொந்தமானது. வழக்கெல்லாம் முடிஞ்சு முப்பது வருஷத்துக்கு அப்புறமும் ராத்கோ அங்கதான் இருந்தார். 2008-ல கேட்டும் கிறிஸ்டோபரும் கோர்ட்ல மனு போட்டு அனுமதி வாங்கி, அப்பாவை அங்கிருந்து எடுத்து வெஸ்ட்செஸ்டர்ல இருக்கிற கென்சிகோ கல்லறைத் தோட்டத்துக்கு மாத்தினாங்க. அம்மாவையும் அதே இடத்துல சேர்த்து வைக்கணும்னுதான் அந்த மனு.